விளிம்புநிலை மக்களுக்கான தீங்கு குறைப்புப் பணி: தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போதைப்பொருளை நிறுத்திவிட்டு வந்தால்தான் சிகிச்சை என்று சொல்லும் இடங்கள் உலகில் ஏராளம். நிறுத்தும் நாள் வரும்வரை அவர் உயிரோடு இருக்க வேண்டாமா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே தீங்கு குறைப்பு. பயன்பாட்டை அது ஊக்குவிப்பதும் இல்லை, ஒழித்தே தீருவேன் என்று சபதம் எடுப்பதும் இல்லை. ஒருவர் இன்று இருக்கும் நிலையில், இன்று அவருக்கு நேரக்கூடிய மரணம், தொற்று, புண், கைது, அவமானம் ஆகியவற்றுள் எதைக் குறைக்க முடியுமோ அதைக் குறைக்கிறது. ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்போர், குடிநோயாளிகள், பாலியல் தொழிலாளர்கள், திருநர்கள், வீடற்றோர், சிறையிலிருந்து வெளிவந்தோர் எனப் பல தரப்பினரும் இந்த வட்டத்துக்குள் வருகிறார்கள். பல நேரங்களில் ஒரே மனிதர் இவற்றில் இரண்டு மூன்றாக இருப்பார்.

சிறு குழுவாகத் தொடங்க விரும்புவோரை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. இதில் திரும்பத் திரும்ப வரும் கருத்து ஒன்றுதான்: சேவையின் வாசலில் நாம் வைக்கும் ஒவ்வொரு நிபந்தனையும், அந்தச் சேவை யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ அவரைத்தான் முதலில் திருப்பி அனுப்புகிறது.

படி 1: முதலில் கேளுங்கள், பிறகு திட்டமிடுங்கள்

திட்ட அறிக்கையை எழுதிவிட்டுக் களத்துக்குப் போவதே வழக்கமாக இருக்கிறது. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். பணி செய்ய நினைக்கும் பகுதிக்குக் காலையிலும், நண்பகலிலும், நள்ளிரவிலும், சம்பள நாளிலும், மழை நாளிலும் போய்ப் பார்க்க வேண்டும். பகலில் ஆளே இல்லாத பாலத்தின் அடியில் இரவு பன்னிரண்டு மணிக்கு இருபது பேர் இருக்கக்கூடும்.

அங்கிருப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதல்ல. இப்போது உங்களுக்கு எது மிகவும் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் நாம் எதிர்பாராத பதில்கள் வரும். காலில் ஆறாத புண், பெண்கள் போக ஒரு கழிப்பறை இல்லாமை, தொலைந்துபோன அடையாள அட்டை, பாதுகாப்பாக இரண்டு மணி நேரம் தூங்க இடமில்லாமை ஆகியவை ஊசியையும் பரிசோதனையையும் விட முன்னால் நிற்கும். அவற்றில் ஒன்றையாவது முதல் மாதத்திலேயே செய்து காட்டினால், மற்றவற்றைப் பற்றிப் பேச அவர்களே வாய்ப்புத் தருவார்கள்.

மக்கள் கூடும் இடங்களை வரைபடமாக்குவது இந்தப் பணியில் எல்லோரும் செய்வது. ஆனால் அந்த வரைபடம் தவறான கைக்குப் போனால், அது அப்படியே சோதனைக்குக் கிளம்புவோரின் பட்டியலாகிவிடும். இடத்தின் பெயரை எழுதாமல் குறியீடு இடுங்கள். மூலப்பிரதியைப் பூட்டி வையுங்கள். நிதி அளிப்பவர் கேட்டாலும் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள்.

படி 2: யாருக்கான பணியோ அவர்களையே பணியில் அமர்த்துங்கள்

இத்துறையின் அடிப்படையான பல யோசனைகள் மருத்துவமனைகளில் பிறந்தவையல்ல. 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் எய்ட்ஸ் நோயாளிகள் ஒன்றுகூடி, தங்களைப் பற்றிய முடிவுகளின் எல்லா நிலைகளிலும் தங்களுக்குப் பங்கு வேண்டும் என்று அறிவித்தார்கள். 1984-இல் ஆம்ஸ்டர்டாமில் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது கொடுக்கும் ஊசி மாற்றுத் திட்டம் தொடங்கியபோது, அதற்குப் பின்னால் இருந்தது போதைப்பொருள் பயன்படுத்துவோரின் சொந்தச் சங்கம். அப்போது அவர்களுடைய முதல் கவலை ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று. கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சி பகுதியில் 1992-இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய திட்டம், பாலியல் தொழிலாளர்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கி, பிற்பாடு அவர்களுடைய அமைப்பாகவே வளர்ந்தது.

ஆகவே களப்பணியாளர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களாகவோ, வாழ்ந்துகொண்டிருப்பவர்களாகவோ இருக்கட்டும். அவர்களுக்குப் பயணப்படி மட்டும் கொடுத்துத் தன்னார்வலர் என்று அழைப்பது சுரண்டல். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்பதே முறை. பயன்பாட்டை முழுமையாக நிறுத்தியவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற விதியும் தேவையில்லை. வேலை நேரத்தில் வேலையைச் செய்ய முடிகிறதா, பொருள்களையும் ரகசியங்களையும் ஒழுங்காகக் காக்கிறாரா என்ற இரண்டையும் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேட்டால் போதும். போதைப்பொருளுக்குப் பதிலாக மருத்துவர் தரும் மாற்று மருந்தை (படி 9) வாங்கப் போகும் நேரத்தைப் பணி அட்டவணையிலேயே ஒதுக்கிவிடுங்கள். முடிவெடுக்கும் குழுவிலும் அவர்களுக்கு வாக்கு இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்து தலையாட்டிவிட்டுப் போகும் இருக்கையால் பயனில்லை.

படி 3: சட்டம், காவல், அக்கம்பக்கம்

சில நாடுகளில் சுத்தமான ஊசியைக் கையில் வைத்திருப்பதே குற்றத்துக்குச் சான்றாகிறது. மறுபுறம், 2001-இல் போர்ச்சுகல் சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிதளவு போதைப்பொருளை வைத்திருப்பதைக் குற்றவியல் வழக்கிலிருந்தே நீக்கியது. ஓவர்டோஸில் நின்ற மூச்சைத் திரும்ப வரவைக்கும் நாலோக்சோன் மருந்தை (படி 6) யார் வைத்திருக்கலாம், பரிசோதனையை மருத்துவர் அல்லாதவர் செய்யலாமா, பதினெட்டு வயது நிரம்பாதவர் வந்தால் என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றையும் தொடங்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். பணியாளர் ஒவ்வொருவரிடமும் புகைப்பட அட்டையும், சுகாதாரத் துறையின் அனுமதிக் கடிதத்தின் நகலும் இருக்க வேண்டும்.

காவல் நிலையத்துடன் ஓர் எளிய ஏற்பாடு தேவை: சேவை நடக்கும் இடத்தின் வாசலில் நின்று யாரையும் பிடிப்பதில்லை. அதிகாரி மாறும்போதெல்லாம் இந்தப் பேச்சைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும், சலித்துக்கொள்ளக் கூடாது. அக்கம்பக்கத்தாரின் கவலை பெரும்பாலும் தெருவில் கிடக்கும் ஊசிகளைப் பற்றியது. அது நியாயமான கவலையும்கூட. வாரம் இருமுறை நாமே சுற்றிவந்து பொறுக்கி எடுத்தால், எதிர்ப்பின் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

படி 4: வாசலைத் தாழ்த்துங்கள்

பெயர், முகவரி, அடையாள அட்டை எதையும் கேட்காமல் சேவை கொடுக்கப் பழக வேண்டும். ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காகக் குறியீடு வைக்கலாம். தாயின் பெயரின் முதல் இரண்டு எழுத்து, பிறந்த தேதியின் நாள், பிறந்த ஊரின் முதல் எழுத்து என்று அவரே எந்த நாளும் மறுபடி சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தால் ஒரே வாரத்தில் தொலைந்துபோகும், இல்லையென்றால் சட்டைப்பையில் பிடிபடும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்பது அலுவலகத்துக்கு வசதியான நேரம். இரவில் தொழில் செய்யும் பெண் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்; கூலி வேலைக்குப் போனவர் திரும்பியிருக்க மாட்டார். வாரத்தில் மூன்று நாள் மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை திறந்திருக்கும் சிறு மையம், ஆறு நாள் பகலில் திறந்திருக்கும் பெரிய மையத்தைவிட அதிகப் பேரைச் சென்றடையக்கூடும். பெண்களுக்கும் திருநர்களுக்கும் தனி நேரம் ஒதுக்குங்கள். குழந்தையோடு வருபவருக்கு உட்கார ஓர் ஓரம் இருக்கட்டும். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தாலேயே பல தாய்மார்கள் சேவைப் பக்கமே வருவதில்லை.

போதையில் இருப்பவரை உள்ளே விடலாமா என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வரும். விடலாம். உள்ளே விற்கக் கூடாது, அடிதடி கூடாது, மற்றவர் பொருளைத் தொடக் கூடாது என்ற மூன்று விதிகள் சுவரில் இருந்தால் போதும். மீறியவரை ஒரு நாள் வெளியே நிறுத்தலாம். அப்போதும் ஊசியையும் ஆணுறையையும் வாசலில் வைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

படி 5: ஊசியும் அதோடு சேர்ந்தவையும்

எச்ஐவி பகிரப்பட்ட ஊசியில் பரவும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹெபடைடிஸ் சி அதைவிடப் பிடிவாதமானது என்பது அத்தனை பேருக்குத் தெரிவதில்லை. சிரிஞ்சுக்குள் எஞ்சிய இரத்தத்தில் அந்த வைரஸ் 63 நாள் வரைகூடத் தொற்றும் திறனோடு இருந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஊசியைப் பகிராதவர்களும், போதைப்பொருளைக் கரைக்கும் சிறு கிண்ணம், வடிகட்டும் பஞ்சு, தண்ணீர், கையில் கட்டும் பட்டை ஆகியவற்றைப் பகிர்வதால் தொற்றுக்கு ஆளாகலாம். அதனால் பொட்டலத்தில் ஊசியோடு கிருமி நீக்கிய தண்ணீர்க் குப்பி, வடிகட்டி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிண்ணம், ஆல்கஹால் துடைப்பான், சிறிய கழிவுப் பெட்டி ஆகிய எல்லாமும் இருக்க வேண்டும். அழுத்தி முடித்த பிறகும் உள்ளே மிகக் குறைந்த இரத்தமே தங்கும் வகைச் சிரிஞ்சுகள் கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள். ஆனால் பயன்படுத்துபவர்களிடம் மாதிரி காட்டிக் கேட்காமல் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். ஊசியின் நீளமும் பருமனும் பிடிக்காவிட்டால் அவை பெட்டியிலேயே கிடக்கும்.

பழைய ஊசி ஒன்றைக் கொடுத்தால் புதிது ஒன்று என்ற கணக்கு பார்ப்பதற்கு ஒழுங்காகத் தெரியும். நடைமுறையில் அது பகிர்வைத்தான் கூட்டுகிறது. காவலரிடம் மாட்டிவிடுவோமோ என்று பயந்து பழைய ஊசியை எறிந்துவிட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். தேவைக்கேற்பக் கொடுப்பதே சரி. ஆண்டுக்கு ஒருவருக்கு 300 ஊசி என்பது 2030-ஆம் ஆண்டுக்காக உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கு. நாளுக்கு மூன்று முறை எடுப்பவருக்கு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் தேவைப்படும் என்பதை நினைத்தால், அந்த இலக்கே எவ்வளவு அடக்கமானது என்று புரியும். ஒருவர் ஐம்பது கேட்டால் யாருக்கு என்று விசாரிக்காதீர்கள். நம் மையத்துக்கு ஒருநாளும் வராத நண்பர்களுக்கு அவர் கொண்டுபோகிறார்.

கழிவை ஊசி துளைக்காத கெட்டியான பெட்டியில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி மூட வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலக் கூடாது. பணியாளருக்கு ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சில மணி நேரத்திலேயே தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வேலையில் சேரும் வாரத்திலேயே எல்லோருக்கும் போட்டுவிடுங்கள்.

படி 6: ஓவர்டோஸ் — நிமிடங்களின் கணக்கு

இந்தப் பணியில் வேறெதையும் சரியாகச் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது சரியாகச் செய்ய வேண்டும். ஹெராயின், மெதடோன், பென்டனில் போன்ற, அபினைப்போல் வேலை செய்யும் ஓபியாய்டு வகைகள் அளவுக்கு மிஞ்சும்போது மூளை மூச்சு விடச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. சாவு பெரும்பாலும் அந்த நொடியே வருவதில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போதே மெல்ல வருகிறது. நல்லா குறட்டை விட்டுத் தூங்குறான், எழுப்பாதே என்று நண்பர்கள் விட்டுவிடுகிறார்கள். அது குறட்டையாக இருப்பதில்லை. நாக்கு பின்னால் சரிந்து, அடைபட்ட தொண்டை வழியாகக் காற்று கரகரவென்று போகும் ஓசை அது. இந்த ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாலே பல உயிர்கள் மிஞ்சும்.

யாருக்கு ஆபத்து கூடுதல் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம் மிகவும் அபாயமானது. உடலின் தாங்கும் திறன் குறைந்திருக்கும், கையோ பழைய அளவையே எடுக்கும். ஓபியாய்டோடு மதுவும் தூக்க மாத்திரையும் சேர்வதும், தனியாக எடுப்பதும், விற்பவர் மாறுவதும் மற்ற காரணங்கள். தனியாக எடுக்காதீர்கள், சிறிதளவு எடுத்துப் பார்த்துப் பொறுத்திருங்கள், இருவர் இருந்தால் ஒருவர் பின் ஒருவராக எடுங்கள் என்ற மூன்றையும் ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்லலாம்.

செய்ய வேண்டிய வரிசை இது:

1. தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அசைவில்லை என்றால் விரல் முட்டிகளால் நெஞ்செலும்பை அழுத்தித் தேயுங்கள்.
2. மூச்சைப் பாருங்கள். ஐந்து விநாடிக்கு ஒன்று என்ற அளவுக்கும் குறைவாக இருக்கிறதா? கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருக்கிறதா? கறுத்த தோலில் நீலநிறம் எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நகத்தின் அடியையும் பாருங்கள், சாம்பல் பூத்திருக்கும்.
3. ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு விடவில்லை, எழுப்பினால் எழவில்லை, இடம் இது என்று சொன்னால் போதும். என்ன எடுத்தார் என்பதை வந்து சேரும் மருத்துவப் பணியாளரிடம் சொல்லலாம்.
4. மல்லாக்கப் படுக்க வைத்து வாயில் ஏதேனும் இருந்தால் அகற்றி, தலையைப் பின்னால் சாய்த்து முகவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சு கொடுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். மூச்சும் நாடியும் அறவே இல்லையென்றால் நெஞ்சு அழுத்தமும் சேர வேண்டும்.
5. நாலோக்சோன் 0.4 மில்லிகிராமைத் தொடையின் வெளிப்புறத்திலோ மேற்கையிலோ தசையில் போடுங்கள். துணியின் மேலேயே போடலாம். மூக்கில் அடிக்கும் வகையானால் ஒரு துவாரத்தில் முழுதாக அழுத்துங்கள்.
6. மூச்சு கொடுப்பதை நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் மறுபடி ஒரு டோஸ்.
7. மூச்சு திரும்பியதும் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூடவே இருங்கள்.

ஏழாவதுதான் அடிக்கடி விட்டுப்போவது. நாலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். மெதடோன் போன்றவை அதைவிட நீண்ட நேரம் உடலில் நிற்பதால், எழுந்து பேசியவர் மறுபடி சரியக்கூடும். எழுந்தவுடன் அவருக்கு உடல்வலி, வாந்தி, எரிச்சல் எல்லாம் வரும். காப்பாற்றியவரையே திட்டவும் செய்வார். மறுபடி எடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். இன்னும் ஒரு மணி நேரத்தில் இது தானே குறையும், இப்போது எடுத்தால் இரண்டும் சேர்ந்து ஆளைத் தள்ளிவிடும் என்று பொறுமையாகச் சொல்ல அப்போது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குளிர்ந்த நீரைத் தலையில் ஊற்றுவது, கன்னத்தில் அறைவது, உப்பு நீரையோ பாலையோ ஊசியில் ஏற்றுவது, இழுத்து நடக்க வைப்பது எல்லாம் நேரத்தை வீணாக்குபவை. சில உயிரையே போக்குபவை. என்ன எடுத்தார் என்று தெரியாவிட்டாலும் நாலோக்சோன் கொடுக்கலாம். ஓபியாய்டு இல்லாத உடலில் அது கெடுதல் செய்யாது. மதுவுக்கும் தூக்க மாத்திரைக்கும் வேலையும் செய்யாது.

அமெரிக்காவில் 1971-இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, கால் நூற்றாண்டு காலம் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது. 1996-இல் சிகாகோவில் ஒரு தீங்கு குறைப்பு அமைப்பு அதைப் பயன்படுத்துவோரின் கையிலேயே கொடுக்கத் தொடங்கியது. ஓவர்டோஸைப் பார்க்க நேரும் வாய்ப்புள்ள எவரிடமும் இது இருக்க வேண்டும் என்று 2014-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆகவே பணியாளர் பையில் மட்டும் வைக்காமல், பயன்படுத்துவோர், அவர்களுடைய துணைவர், தாய், விடுதிக் காவலாளி என எல்லோருக்கும் பதினைந்து நிமிடப் பயிற்சியோடு கொடுங்கள். வெயில் படாமல் வைக்கவும், காலாவதித் தேதி பார்க்கவும் சொல்லுங்கள்.

பென்டனில் கலப்படம் உள்ள பகுதிகளில் பரிசோதனைப் பட்டைகளும் உதவும். அவற்றில் ஒரு கோடு தெரிந்தால் பென்டனில் இருக்கிறது, இரண்டு தெரிந்தால் தென்படவில்லை என்று பொருள். கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறானது என்பதால் பலர் குழம்புகிறார்கள். நைட்டசீன் போன்ற புதிய ஓபியாய்டு வகைகளை இந்தப் பட்டை காட்டாது. எனவே தென்படவில்லை என்பதைப் பாதுகாப்பானது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

படி 7: மதுவும் தூண்டுபொருள்களும்

நீண்ட நாள் அதிகமாகக் குடிப்பவரை இன்றோடு நிறுத்து என்று அதட்டுவது அவரைக் கொன்றுவிடலாம். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மனக்குழப்பமும் மாயத்தோற்றமும் வரக்கூடும். முன்பு வலிப்பு வந்தவருக்கு நிறுத்துதல் மருத்துவக் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். அதுவரை மெல்லக் குறைக்கவும், வெறும் வயிற்றில் குடிக்காமலிருக்கவும், தயமின் (வைட்டமின் பி1) மாத்திரை எடுக்கவும் உதவலாம்.

மெத்தாம்பெட்டமின், கோகெய்ன் போன்ற தூண்டுபொருள்களின் விளைவுக்கு நாலோக்சோன் பயன்படாது. உடல் கொதிப்பது, நெஞ்சுவலி, வலிப்பு ஆகிய மூன்றும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். மூன்று நாள் தூங்காமல் சந்தேகத்தில் உழல்பவருக்குக் குளிர்ந்த, சத்தம் குறைந்த ஓர் அறையும் தண்ணீரும் தாழ்ந்த குரலில் பேசும் ஓர் ஆளும் போதும்; சுற்றி நான்கு பேர் நின்றால் நிலைமை முற்றிவிடும்.

படி 8: புண், பரிசோதனை, மருத்துவமனை

ஒரு பேசினில் வெதுவெதுப்பான நீரும், உட்கார ஒரு நாற்காலியும், கட்டுப்போடும் துணியும் இருந்தால் பாதிச் சேவை தொடங்கிவிட்டது. ஒருவருடைய காலைத் தொட்டுக் கழுவிக் கட்டும் அந்த இருபது நிமிடத்தில் அவர் சொல்வது எந்தப் படிவத்திலும் வராது. சீழ்க்கட்டியைப் பிதுக்கக் கூடாது. சூடான ஒத்தடம் கொடுக்கலாம். சிவந்த பகுதியின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு விடுங்கள். நாளை அந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவியிருந்தால், பார்த்தவுடன் அவருக்கே தெரியும். காய்ச்சல், மேல்நோக்கி ஓடும் செந்நிறக் கோடு, தொட்டால் தோலின் அடியில் நறநறவென்ற உணர்வு, தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி, கழுத்திலோ தொடை இடுக்கிலோ வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. ஊசி எடுப்பவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் இதய வால்வில் தொற்று இருக்கக்கூடும். அதைச் சளிக் காய்ச்சல் என்று ஒதுக்காதீர்கள்.

பரிசோதனையைப் பொறுத்தவரை, முடிவுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறோம் என்பது தயாராகாமல் தொடங்குவது நேர்மையில்லை. ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் சோதனையில் இருக்கிறது என்று வந்தால் எப்போதோ தொற்றியது என்றுதான் பொருள். இப்போதும் வைரஸ் உள்ளதா என்பதை ஆர்என்ஏ சோதனையே சொல்லும். இருந்தால் பெரும்பாலும் 12 வாரம் தினமும் மாத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறது. இன்னும் ஊசி எடுக்கிறார் என்ற காரணத்துக்காக இந்தச் சிகிச்சையை மறுக்க மருத்துவ நியாயம் எதுவும் இல்லை. எச்ஐவி சிகிச்சையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. பாலியல் தொழிலாளர்களுக்கு ஆணுறையோடு நீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட்டும் கொடுங்கள்; பாலியல் வன்முறை நேர்ந்தால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கநிலைச் சிபிலிஸுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பென்சத்தைன் பென்சிலின் ஊசி போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ச் சோதனை. திருநர்களிடம் ஹார்மோனை எங்கிருந்து எப்படி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தசையில் போடும் ஊசியையும் பகிர்வோர் உண்டு.

மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவதும் கூட்டிக்கொண்டு போவதும் ஒன்றல்ல. பாதியில் ஓடிப்போகிறார்கள் என்று வார்டில் குறை சொல்வார்கள். ஓடிப்போவதற்கு முதற்காரணம், போதைப்பொருள் கிடைக்காதபோது வரும் விலகல் அறிகுறிகளுக்கு அங்கே யாரும் மருந்து கொடுப்பதில்லை என்பதுதான். உடம்பெல்லாம் முறுக்கும்போது காலில் போட்ட டிரிப்ஸ் பெரிதாகத் தெரியாது. ஆகவே ஒரு மருத்துவமனையில் ஒரு மருத்துவரையும் ஒரு செவிலியரையும் முன்பே தெரிந்து வையுங்கள். மாற்று மருந்தை வார்டிலும் தொடர ஏற்பாடு செய்யுங்கள். முதல் நாள் இரவு ஒருவர் கூட இருங்கள்.

படி 9: மாற்று மருந்துச் சிகிச்சை

ஹெராயின் போன்றவற்றுக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் மெதடோனும் புப்ரெனார்பினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. இவற்றில் தொடர்ந்து இருப்பவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைகிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்ற ஏளனத்தைப் பணியாளர்களே சில சமயம் சொல்வார்கள். நீரிழிவுக்காரரிடம் இன்சுலினை எப்போது விடப் போகிறாய் என்று யாரும் நச்சரிப்பதில்லை. இச்சிகிச்சையில் இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. மெதடோன் தொடங்கும் முதல் சில வாரமும், எந்த மாற்று மருந்தையும் விட்ட பிறகான சில வாரமும் ஓவர்டோஸ் ஆபத்து கூடுகிறது. புப்ரெனார்பினின் முதல் மாத்திரையை விலகல் அறிகுறிகள் நன்றாகத் தெரியத் தொடங்கிய பிறகே எடுக்க வேண்டும்; அவசரப்பட்டால் அறிகுறிகள் திடீரென முற்றி, அந்த மருந்தின் மீதே வெறுப்பு வந்துவிடும். சிறுநீர்ச் சோதனையில் வேறு பொருள் தென்பட்டது என்பதற்காக மருந்தை நிறுத்தும் மையங்களோடு நம் வாடிக்கையாளர் சார்பில் வாதாடுவதும் நம் வேலையே.

படி 10: பதிவேடும் பணியாளரும்

எழுதி வைப்பது குறைவாக இருக்கட்டும். குறியீடு, தேதி, கொடுத்த பொருள், செய்த உதவி ஆகியவை போதும். நாலோக்சோன் எத்தனை போனது, எத்தனை முறை பயன்பட்டது என்பதைத் தனியே குறியுங்கள். மீண்டும் வாங்க வருபவரிடம் முந்தியது என்னவாயிற்று என்று கேட்டாலே கிடைக்கும். நிதி அளிப்பவர் புதிதாக எத்தனை பேர் என்று கேட்பார். நாம் பார்க்க வேண்டிய எண் வேறு: மூன்று மாதத்துக்கு முன் வந்தவர்களில் எத்தனை பேர் இந்த மாதமும் வந்தார்கள்? வராதவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் சிறையில், எத்தனை பேர் நம்மிடம் கோபித்துக்கொண்டு போனார்கள்? கடைசி வகையினரைத் தேடிப்போய்க் காரணம் கேட்டு, அதை அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

இந்த வேலையில் சாவு அடிக்கடி வரும். களப்பணியாளருக்கு இறந்தவர் பெரும்பாலும் நண்பராகவே இருப்பார். சில சமயம், சொந்தப் பந்தத்தில் ஒருவர்கூட வராத நிலையில், இறுதிச்சடங்குக்கு உடலைப் பெற்றுக்கொள்ளும் ஒரே ஆளாகவும் அவரே நிற்பார். சம்பளத்தோடு விடுப்பு, வெளியாள் ஒருவரிடம் ரகசியமாகப் பேச மாதம் ஒரு மணி நேரம், ஓவர்டோஸைக் கையாண்ட நாளின் மிச்சப் பணியிலிருந்து விலக்கு ஆகிய மூன்றையும் முதல் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே, ஊசிக்கும் மருந்துக்கும் அடுத்த வரியில் எழுதிவிடுங்கள்.